டிரெய்லர் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லையா? கடைக்குப் போகும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

2019 ஜூன் மாதம். மிச்சிகன் மாநிலத்தின் வடக்குத் தீபகற்பத்தில், டாக்வாமெனன் அருவிக்கு அருகே மின் இணைப்பில்லாத ஒரு முகாம் தளம். அந்த அருவி கடுந்தேநீர் நிறத்தில் விழும். மேலே உள்ள சதுப்புக்காட்டு மரங்களின் சாறு ஆற்றில் இறங்குவதால் வரும் நிறம். அதைப் பார்க்கத்தான் டெட்ராய்ட்டை ஒட்டியிருக்கும் கேன்டனிலிருந்து ஏறத்தாழ 6 மணி நேரம் டிரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டும் சக்கர வீட்டை, இழுத்துக்கொண்டு போயிருந்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு டிரெய்லருக்குள் சூடேற்றும் ஃபர்னஸ் நின்றுபோனது. ஃபர்னஸ் எரிவது கேஸில்தான். ஆனால் சூட்டை உள்ளே தள்ளும் விசிறி ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில். விசிறி சுழலாவிட்டால் கேஸும் பற்றாது. வடக்கே ஜூன் மாதத்து இரவு என்றாலும் குளிருக்கு மாதக் கணக்குத் தெரியாது. இருக்கிற போர்வையையெல்லாம் மகள் மேல் போட்டுவிட்டு நானும் கணவரும் விடியும்வரை டிரெய்லரை இழுத்துவந்த வண்டியின் ஹீட்டரில் குளிர்காய்ந்துகொண்டிருந்தோம்.

அந்தப் பேட்டரி வாங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரலில், பழையது செத்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி மாற்றியிருந்தேன். ஊர் திரும்பியதும் "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று இன்னொன்றும் வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து 250 டாலருக்கு மேல் போயிற்று. இத்தனைக்கும் நான் நாமக்கல்லில் பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தவரின் மகள். லாரிப் பேட்டரிகளை வரிசையாகத் தரையில் அடுக்கி, ஆசிட் தெறித்துப் பொத்தல் விழுந்த சட்டையோடு நிற்கும் அப்பாவைப் பார்த்துத்தான் வளர்ந்தேன்.

மூன்றாவது பேட்டரியும் இறங்கியபோது வேறு வழியில்லாமல் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மூன்று பேட்டரி போட்டும் இறங்குகிறது என்றால் பேட்டரியை ஏன் கண்ணு திட்டுகிறாய்? லோடு, அதான் மின்சாரம் இழுக்கும் கருவி, ஓடும்போது ஒயரின் இரண்டு முனையிலும் அளந்து பார்த்தாயா?" என்றார். பார்க்கவில்லை. அளந்தபோது கிடைத்தது பத்து டாலர்கூடப் பெறாத ஒரு பிரேக்கர், மின்சாரம் அளவு மீறினால் வழியைத் துண்டிக்கும் சின்னப் பெட்டி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. மோதிரம், வளையல், முக்கியமாகக் கழுத்தில் தொங்கும் தாலிச் சங்கிலி, எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் இரண்டு டெர்மினல்களுக்கும் நடுவே தங்கம் விழுந்தால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். சார்ஜ் ஆகும் ஈயப் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதனால் அருகே தீப்பொறி கூடாது. கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

சார்ஜ் வரும் வழிகள்

டிரெய்லர் பேட்டரிக்கு மூன்று வழிகளில் சார்ஜ் வரும். முகாம் தளத்துக் கம்பத்தில் 120 வோல்ட் கேபிளை மாட்டினால், உள்ளே இருக்கும் கன்வெர்ட்டர் அதை 12 வோல்ட் நேர்மின்சாரமாக்கி அனுப்பும். ஓடும்போது இழுக்கிற வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி), வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு பின் பிளக் வழியாக வரும். கூரையில் சோலார் பலகை இருந்தால் அது மூன்றாவது.

பலரும் ஏமாறுகிற இடம் முதல் வழி. கம்பத்தில் கேபிள் மாட்டியிருக்கும்வரை விளக்கு எரியும், தண்ணீர்ப் பம்பு ஓடும், விசிறி சுழலும். பேட்டரிக்கு ஒரு துளி சார்ஜ் போகாவிட்டாலும் இவை எல்லாம் ஓடும். ஏனென்றால் கன்வெர்ட்டரே அவற்றுக்கு நேராக மின்சாரம் கொடுத்துவிடுகிறது. "வீட்டில் ஒரு வாரம் பிளக்கில் மாட்டி வைத்திருந்தேனே" என்று நாம் நினைத்துக்கொண்டு கிளம்புவோம். காட்டுக்குள் போய்க் கேபிள் இல்லாமல் சுவிட்சைப் போடும்போதுதான் உண்மை தெரியும்.

முதல் அளவு

வோல்ட்டையும் ஆம்பியரையும் அளக்கும் இருபது டாலர் மல்டிமீட்டர் போதும். கேபிளைப் பிடுங்கி, எல்லாவற்றையும் அணைத்து, சில மணி நேரம் பேட்டரியைச் சும்மா விடுங்கள். பிறகு டெர்மினலில் அளவு எடுங்கள். ஈயப் பேட்டரி என்றால் 12.6 அல்லது 12.7 முழுச் சார்ஜ். 12.2 வந்தால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் பொய்யான உயர்ந்த எண் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம்.

அடுத்து, கேபிளை மாட்டிவிட்டு அதே டெர்மினலில் மறுபடி அளவு எடுங்கள். எண் 13க்கு மேல் ஏற வேண்டும். இப்போது வரும் பெரும்பாலான கன்வெர்ட்டர்கள் 13.6இல் நிற்கும், பேட்டரி நன்றாக இறங்கியிருந்தால் 14.4 வரை போகும். நிறைந்த பிறகு 13.2க்கு இறங்கும். ஆகவே 13.2 என்று கண்டதும் கன்வெர்ட்டர் பழுது என்று கிளம்பிவிடாதீர்கள். எண் 13ஐத் தாண்டவே இல்லை என்றால்தான் மேற்கொண்டு தேட வேண்டும்.

தேடலில் முதல் இடம் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். கதவுக்குப் பக்கத்திலோ முன்பக்கச் சட்டத்திலோ இருக்கும். அது அணைந்திருந்தால் பல டிரெய்லர்களில் கன்வெர்ட்டரின் சார்ஜ் பேட்டரிக்குப் போகாது. குழந்தைகள் தட்டிவிடுவார்கள், பெட்டி இடித்துவிடும். சிரிக்காதீர்கள், பக்கத்துத் தளத்துக்காரர்கள் உதவி கேட்டு வந்த மூன்று தடவைகளில் இரண்டு தடவை இதுதான்.

கறுப்பு ஒயரும் என் கணவரும்

காரில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். இது எல்லோருக்கும் மனப்பாடம். அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலும் கறுப்புதான் பிளஸ், வெள்ளை மைனஸ். குளிர்காலம் முடிந்து பேட்டரியைத் திரும்ப மாட்டும் ஏப்ரல் மாதத்தில் இது நாடு முழுக்கப் பலரைக் கவிழ்த்திருக்கும். எங்கள் வீட்டில் 2018இல் என் கணவர் கறுப்பை மைனஸில் மாட்டினார். பளிச்சென்று ஒரு பொறி, அவ்வளவுதான். "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லிவிட்டுச் சரியாக மாற்றி மாட்டினார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பேட்டரி ஏறவே இல்லை.

பொறி வந்த நொடியில் கன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள இரண்டு ஃப்யூஸ்களைப் பலிகொடுத்திருந்தது. ஃப்யூஸ் பலகையில் மற்ற ஃப்யூஸ்களிலிருந்து சற்றுத் தள்ளி, சேர்ந்தாற்போல் இரண்டு இருக்கும். பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் எரிவதற்கென்றே வைத்தவை. கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். பிடுங்கி, மீட்டரில் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள், கூட்டிப் போடவே கூடாது.

ஒயர் நிறத்தில் சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. பேட்டரியில் மாட்டாமல் ஒயர்களை ஒன்றோடொன்று தொடாதபடி பிரித்துவையுங்கள், கேபிளை மாட்டுங்கள், மீட்டரின் சிவப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும் கறுப்பு முனையை வெள்ளை ஒயரிலும் வையுங்கள். 13.6 போல ஓர் எண் கழித்தல் குறி இல்லாமல் வந்தால் கறுப்புதான் பிளஸ். கேபிளைப் பிடுங்கிவிட்டு, அந்த ஒயரில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். நான் மூன்று சுற்று சுற்றியிருக்கிறேன்.

அப்பா சொன்ன சோதனை

இனி என் பிரேக்கர் கதை. அன்றைக்கு முகாமில் கையில் மீட்டர் இல்லை. அப்பாவிடம் பேசிய பிறகு, வீட்டு வாசலிலேயே கேபிளைப் பிடுங்கிவிட்டு ஃபர்னஸை ஓடவிட்டேன். அந்த விசிறி ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி டெர்மினலில் 12.1 வோல்ட். உள்ளே ஃப்யூஸ் பலகையில் 10.2. பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது, ஆனால் வழியிலேயே 1.9 வோல்ட்டை யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள். இவ்வளவு குறைந்த வோல்ட்டில் ஃபர்னஸ் முரண்டு பிடிக்காமல் என்ன செய்யும்?

பிறகு கேபிளை மாட்டித் திருப்பி அளந்தேன். பலகையில் 13.6, பேட்டரியில் 12.5. போகும்போதும் தின்கிறது, வரும்போதும் தின்கிறது. ஓமின் விதிப்படி கணக்குப் போட்டால் வழியில் கால் ஓமுக்குச் சற்று மேல் தடை. கேட்கச் சிறியதாக இருக்கிறது. ஆனால் அந்தத் தடையைத் தாண்டிப் பேட்டரிக்கு வந்து சேர்ந்தது நான்கு ஆம்பியர்தான். பேட்டரி ஏற ஏற அதுவும் குறைந்துகொண்டே போகும். மூன்று பேட்டரி அல்ல, முப்பது போட்டிருந்தாலும் இதே கதைதான்.

எதுவும் ஓடாதபோது அளந்திருந்தால் இரண்டு முனையிலும் ஒரே எண் காட்டியிருக்கும். தடை தன்னைக் காட்டிக்கொள்ள மின்சாரம் ஓட வேண்டும். லோடு போட்டு அளவு எடு என்று அப்பா சொன்னதன் காரணம் இதுதான்.

தின்பவனைப் பிடிக்க ஒயரைத் தொடர்ந்து போனேன். முன்பக்கச் சட்டத்தில், கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால், இரண்டு போல்ட் வைத்த தீப்பெட்டி அளவு உலோகப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் பேட்டரியிலிருந்து உள்ளே போகும் ஒயரின் பிரேக்கர். பல டிரெய்லர்களில் இது மழை, சாலை உப்பு, சேறு அனைத்தும் படும் இடத்தில் திறந்தபடி இருக்கிறது. மீட்டரின் இரு முனைகளையும் அதன் இரண்டு போல்ட்களிலும் வையுங்கள். லோடு ஓடும்போது பூஜ்யத்தை ஒட்டிய எண் வர வேண்டும். எனக்கு 1.7 வந்தது. கையால் தொட்டேன், சூடு. போல்ட்டுகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கும் ஜாக் மட்டும் ஏன் ஒழுங்காக ஏறி இறங்கியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. மின்சார ஜாக் பல டிரெய்லர்களில் பேட்டரியிலிருந்து நேராகத் தன் தனி ஃப்யூஸ் வழியாக மின்சாரம் எடுக்கும். இந்தப் பிரேக்கரின் வழியாகப் போகாது. ஜாக் நன்றாக ஓடி, உள்ளே விளக்கு மங்கினால் கோளாறு பேட்டரியில் இல்லை, பேட்டரிக்கும் உள்ளுக்கும் நடுவே இருக்கிறது.

இதே முறையில் மைனஸ் பக்கத்தையும் பாருங்கள். வெள்ளை ஒயர் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டால் எர்த் செய்யப்பட்டிருக்கும். பேட்டரியின் மைனஸுக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவே லோடு ஓடும்போது அரை வோல்ட் காட்டினாலும் கழற்றிச் சுரண்ட வேண்டும். பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருப்பார்கள், துருப்பிடித்திருக்கும். இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பேட்டரி டெர்மினலில் பூத்ததைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவலாம். செல்லுக்குள் மட்டும் ஒரு சொட்டுகூடப் போய்விடக் கூடாது.

கன்வெர்ட்டரே பழுதா?

ஃப்யூஸ் பலகையிலேயே 13க்கு மேல் வரவில்லை என்றால்தான் கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்பட வேண்டும். அதிலும் முதலில் கம்பத்துப் பிரேக்கரைப் பாருங்கள், பிறகு உள்ளே கன்வெர்ட்டருக்கான 120 வோல்ட் பிரேக்கரைப் பாருங்கள். மைக்ரோவேவ் ஓடுகிறதா என்று பார்ப்பது சுலபமான வழி. 120 வோல்ட் இருக்கிறது, இரட்டை ஃப்யூஸும் நல்லது, ஆனாலும் வெளியே ஒன்றும் வரவில்லை என்றால் கன்வெர்ட்டர் போய்விட்டது. பலகையைத் திறக்கும் முன் கேபிளைப் பிடுங்கியாக வேண்டும். உள்ளே இருப்பது 12 வோல்ட் மட்டும் அல்ல, ஆளைக் கொல்லும் 120 வோல்ட்டும் அங்கேதான் இருக்கிறது. கை நடுங்கினால் ஆள் கூப்பிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கன்வெர்ட்டர் மேல் வரும் புகார்களில் பல பொறுமையின்மையால் வருபவை. பாதி இறங்கிய ஈயப் பேட்டரி நிறைய ஓர் இரவு முழுக்க ஆகும். கடைசி இருபது சதவீதம் ஆமை வேகம்தான். ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு "நிறையவில்லையே" என்று கேட்பது நியாயம் அல்ல. சொல்லப்போனால், சிறிய ஜெனரேட்டரில் இருக்கும் 12 வோல்ட் துளையை மறந்துவிடுங்கள். டிரெய்லரின் கேபிளையே ஜெனரேட்டரில் மாட்டினால் கன்வெர்ட்டர் அதைவிட வேகமாக ஏற்றும்.

ஆறு மணி நேரம் ஓட்டியும் ஏன் ஏறவில்லை?

வண்டி ஓடினால் பேட்டரி நிறைந்துவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் கிளம்புகிறோம். கணக்குப் பார்ப்போம். 10 கேஜ் (ஒயரின் தடிமன் அளவு) தாமிர ஒயருக்கு மீட்டருக்கு 3.3 மில்லி ஓம் தடை. ஆல்டர்னேட்டரிலிருந்து டிரெய்லர் பேட்டரி 9 மீட்டர் தூரம் என்று வையுங்கள். மின்சாரம் போய்த் திரும்ப 18 மீட்டர். 15 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் போய்விடும். புறப்பட்ட 14.2 சேரும்போது 13.3. அதுவே இன்னும் மெல்லிய 12 கேஜ் ஒயர் என்றால் 1.4 வோல்ட் போய் 12.8தான் மிஞ்சும். இந்த வோல்ட்டேஜில் 15 ஆம்பியர் ஏறவே ஏறாது. புதிய வண்டிகளில் எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது நிலைமை இன்னும் மோசம். போதாததற்கு, கேஸ், 120 வோல்ட், 12 வோல்ட் என்று மூன்றிலும் ஓடும் குளிர்பெட்டியை 12 வோல்ட்டில் விட்டிருந்தால் வருகிற கொஞ்சத்தையும் அதுவே குடித்துவிடும்.

கொஞ்சமும் வரவில்லை என்றால்? எஞ்சினை ஓடவிட்டு, வண்டியின் பின்பக்கத்து ஏழு பின் சாக்கெட்டில் சார்ஜ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அளவு எடுங்கள். சில வண்டிகளில் இந்தப் பின்னுக்கான ஃப்யூஸையோ ரிலேயையோ வாங்குபவரே போட்டுக்கொள்ள வேண்டும். வண்டிக் கையேட்டில் டிரெய்லர் பகுதியைப் படியுங்கள். சாக்கெட்டில் வருகிறது, டிரெய்லரில் வரவில்லை என்றால் பின்களில் பூத்த பச்சையைச் சுரண்டிப் பாருங்கள். நிஜமாகவே ஓடும்போது நிறைய ஏற்ற வேண்டும் என்றால் தடித்த ஒயரும், வண்டியிலிருந்து வரும் குறைந்த வோல்ட்டேஜை உயர்த்தி ஏற்றும் DC-DC சார்ஜரும் போட வேண்டும்; நாங்கள் 20 ஆம்பியர் ஒன்று போட்டோம்.

சோலாரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மிச்சிகனில் நல்ல முகாம் தளம் என்றாலே மர நிழல்தான். 100 வாட் பலகை நல்ல வெயிலில் 5 அல்லது 6 ஆம்பியர் தரும், நிழலில் கையை விரிக்கும். டிரெய்லர் பக்கவாட்டில் இருக்கும் சோலார் சாக்கெட்டில் வெளியே வாங்கிய பலகையை மாட்டும் முன் பிளஸ் மைனஸை மட்டும் மீட்டரில் பாருங்கள். எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே பக்கம் பிளஸ் வைப்பதில்லை. பிளக் பொருந்துகிறது என்பதற்காகத் திசையும் பொருந்தும் என்று இல்லை.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் நிற்கவில்லை

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஏதோ ஒன்று சத்தமில்லாமல் குடிக்கிறது, அல்லது பேட்டரியே பழுது.

கேஸ் கசிவு அலாரம், ரேடியோவின் நினைவகம், குளிர்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, இவை எல்லாம் அணைத்த பிறகும் குடித்துக்கொண்டிருக்கும். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மைனஸ் ஒயரைக் கழற்றி அதற்கும் டெர்மினலுக்கும் நடுவே வையுங்கள். (அந்த நேரத்தில் ஃபர்னஸையோ ஜாக்கையோ இயக்கினால் மீட்டரின் ஃப்யூஸ் போகும்.) எங்கள் டிரெய்லரில் 0.4 ஆம்பியர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர் மணி. 80 ஆம்பியர் மணிப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்று வைத்தால், வாசலில் சும்மா நிற்கும்போதே நான்கு நாளில் தீர்ந்துவிடும். துண்டிக்கும் சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான்.

பேட்டரியைச் சோதிக்க அப்பாவின் வழி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான். மூடி திறக்கும் பேட்டரிக்கு இன்றும் அதைவிடச் சிறந்தது இல்லை. முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகு ஆறு செல்களிலும் உறிஞ்சிப் பாருங்கள். 1.265 போல வர வேண்டும். ஐந்து செல்கள் 1.260 காட்டி ஒன்று மட்டும் 1.200இல் நின்றால் அந்தச் செல் போய்விட்டது; இனி எந்தச் சார்ஜரும் உதவாது. ஆறும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் சார்ஜ்தான் போதவில்லை, பேட்டரி மேல் பழி இல்லை. நான் "செத்தது" என்று கொடுத்துவிட்ட முதல் பேட்டரியை இப்படி ஒருமுறை பார்த்திருக்கலாம். இரண்டாவதை நண்பர் ஒருவர் மீன்பிடிப் படகுக்கு வாங்கிப்போனார். மூன்று கோடை ஓட்டினார்.

தட்டுகள் மூழ்காமல் இருந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, பிறகே முழு அளவுக்கு நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஆகும்போது ஆசிட் பொங்கி வெளியே வரும். குழாய்த் தண்ணீர் கூடாது, ஆசிட்டும் கூடாது.

லித்தியம் பேட்டரிக்கு இந்த எண்கள் பொருந்தா. சும்மா இருக்கும்போது 13.2, 13.3 காட்டும். முழுதாக நிறைய 14.4 போல வேண்டும். பழைய கன்வெர்ட்டர் 13.6இலேயே நின்றால் நிறைவதற்கு நெடுநேரம் ஆகும், சில சமயம் முழுதாக நிறையவே நிறையாது. உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. பல பேட்டரிகளில் உள்ளே இருக்கும் காவல் பலகை அப்போது சார்ஜை மறுத்துவிடும். மிகவும் இறங்கிப்போனால் அதே பலகை இணைப்பையே துண்டித்துவிடுவதால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். தூங்குகிறது, சாகவில்லை, லித்தியத்துக்கான சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.

நவம்பரில் பனி விழும் முன் ஈயப் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறோம். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி மிச்சிகன் குளிருக்கு உறையாது. தீர்ந்துபோன பேட்டரி மைனஸ் 7 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கும். வயிறு புடைத்த பேட்டரியைக் கண்டால் சார்ஜரை மாட்டாதீர்கள், நேராக மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். நல்லதை நிலவறையில் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் போடுகிறேன். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும், அடியில் பலகை போடு என்கிறார் அப்பா. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிப் பேட்டரிக்கு அதெல்லாம் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பலகை போட்டுத்தான் வைத்திருக்கிறேன். வீடியோ அழைப்பில் அவர் கேட்டால் காட்ட வேண்டுமே.